கடைசி ஆளுக்கும் அதே பின்னம்

தலைவர் தவின் வீட்டு முன்னறையில் மூன்று படங்கள் தொங்குவது இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். முதல் படத்தில் அவர் கவர்னரோடு கைகுலுக்குகிறார். கவர்னரின் முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. இரண்டாவதில் வெள்ளைச் சீருடையில் அவர் மட்டும். மூன்றாவது, அவருடைய ஒன்பதாம் வகுப்புச் சான்றிதழ். ஒன்பதாம் வகுப்பு தேறாதவர் ஊர்த்தலைவர் தேர்தலில் நிற்க முடியாது என்பதால் அதற்கும் கண்ணாடிச் சட்டம், மேலே பிளாஸ்டிக் மாலை. மாலை எப்போதும் வலது பக்கமாகவே சரிந்து தொங்கும். கணக்கு மதிப்பெண் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

மாலைக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் பற்றி அவர் மனைவி லம்துவான் இதுவரை வாய் திறந்ததில்லை. தான் ஞாயிறுதோறும் எங்கே போகிறோம் என்பதைப் பற்றியும்தான். கோயிலில் பாராயணம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். கோயிலுக்குப் பக்கத்துக் கட்டடத்தில், பெரியவர்களுக்கான பள்ளியில், நாற்பத்து மூன்று வயதில் அவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.

போன வாரம் சாப்பாட்டு வேளையில் தலைவர் தன் இரண்டு மாத உழைப்பின் பலனை அறிவித்தார்.

"மேக் கடைசி. பேசி முடிச்சாச்சு."

ஏப்ரல் வந்தால் இருபத்தொரு வயதுப் பையன்கள் பானைக்குள் கைவிட்டுப் பட்டாளச் சீட்டு எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் இரண்டு வருடம் பட்டாளம். கறுப்பு வந்தால் வீடு. பட்டியலில் முதல் பெயராக இருந்த தன் மகன் மேக்கை, எழுத்தரோடு நான்கு முறை உட்கார்ந்து சாப்பிட்டு, கடைசிப் பெயராக்கிவிட்டார் தலைவர். முன்னால் போகிறவர்கள் சிவப்பையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டால் கடைசி ஆள் பானையைத் தொடக்கூட வேண்டாம் அல்லவா? இது அவருடைய தத்துவம். நோங் க்ராசா ஊரில் பாதிப் பேருக்கும் இதே தத்துவம்தான். மீதிப் பாதி, முதலில் போகிறவனுக்கே அதிர்ஷ்டம் என்று சொல்லும்.

மேக்கோ இரண்டையும் நம்பாமல் ஒரு வாரமாகச் சரியாகத் தூங்காமல் இருந்தான். ரயோங்கில் ஒரு கம்பெனியில் ஏ.சி. மெக்கானிக் வேலை கிடைத்திருக்கிறது. மே ஒன்றாம் தேதி சேர வேண்டும். கையில் பட்டாளக் கடமை முடிந்த தாள் இருந்தால்தான் கேட்டுக்கு உள்ளே விடுவார்கள்.

சீட்டெடுக்கும் சனிக்கிழமை விடிந்தது. லம்துவான் அடுப்பில் கஞ்சியை ஏற்றிவிட்டு, மேசையில் வீட்டுப்பாடத் தாளை விரித்திருந்தாள். பத்துக் கணக்கு. நாளைக் காலை டீச்சரிடம் கொடுக்க வேண்டும். எட்டாவது கணக்கு அவளை நேற்றிலிருந்து விடவில்லை.

'ஒரு பெட்டியில் பத்துப் பந்துகள் உள்ளன. மூன்று சிவப்பு, ஏழு கறுப்பு. இருவர் ஒருவர்பின் ஒருவராக ஆளுக்கொரு பந்து எடுக்கின்றனர். எடுத்ததைத் திருப்பிப் போடுவதில்லை. இரண்டாமவருக்குச் சிவப்பு வருவதற்கான நிகழ்தகவு யாது?'

முதல் ஆளுக்குப் பத்தில் மூன்று. அது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இரண்டாவது ஆளுக்கு? முதல் ஆள் சிவப்பை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்பதில் இரண்டு. அந்த வழியைப் பெருக்கினால் தொண்ணூறில் ஆறு. முதல் ஆள் கறுப்பை எடுத்தால் மிச்சம் ஒன்பதில் மூன்று. அந்த வழியில் தொண்ணூறில் இருபத்தொன்று. இரண்டையும் கூட்டினாள். தொண்ணூறில் இருபத்தேழு. சுருக்கினாள்.

பத்தில் மூன்று.

தப்பு செய்திருப்போம் என்று மறுபடி போட்டாள். அதே விடை. தாள் கேட்காத மூன்றாவது ஆளுக்கும் போட்டுப் பார்த்தாள். அவனுக்கும் பத்தில் மூன்று. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தன் கணவரின் இரண்டு மாத உழைப்பையும், எழுத்தருக்குப் போட்ட நான்கு வேளைச் சாப்பாட்டையும் நினைத்துப் பார்த்தாள். இரண்டு வேளைக்கு நண்டு.

"என்னம்மா, நீயே சிரிச்சுக்கற?" மேக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். அம்மாவின் பள்ளி ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவன்.

"உங்கப்பா உன்னக் கடைசில நிறுத்துனது தண்டம்டா. மொதல்ல நின்னாலும் நடுவுல நின்னாலும் ஒரே பின்னந்தான்."

"அதெப்படி? முன்னாடி போறவங்க செகப்ப எடுத்துட்டா?"

"எடுத்தா உனக்கு நல்லது. அவங்க கறுப்ப எடுத்துட்டா? அப்ப பானைல செகப்பாத்தான் மிஞ்சும். உங்கப்பா நல்லதுக்கு மட்டும் கணக்குப் போட்டுக்கறாரு. எப்பவும் அப்படித்தான்."

மேக் தாளைப் பார்த்தான். "அப்பாகிட்ட சொல்லவா?"

"காலங்காத்தால அவருக்கு ரத்தக்கொதிப்ப ஏத்தாத. கஞ்சியக் குடி."

அவன் குடிக்கவில்லை. "அம்மா, நானாவே கையத் தூக்கிட்டுப் போயிடவா? தானா சேந்தா எனக்கு ஒரு வருஷம்தான். செகப்பு வந்தா ரெண்டு. பயந்துக்கிட்டே பானைக்குள்ள கைய விடறதுக்கு..."

லம்துவான் அவன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பி, ஏழாவது கணக்கைப் பார்த்தாள். அது சமனிலி. தெரியாததை x என்று வை, ஒரு பக்கம் மறு பக்கத்தைவிடச் சிறியதாக இருக்க என்ன வேண்டும் என்று கேள்.

"எத்தன பேரு இன்னிக்கி?"

"எம்பது. வேண்டியது நாப்பத்தெட்டுப் பேரு."

"தானா கையத் தூக்கறவங்க x. அவங்க போனப்புறம் பானைல செகப்பு, நாப்பத்தெட்டுல x போக மிச்சம். சீட்டெடுக்கறவங்க, எம்பதுல x போக மிச்சம். செகப்பு வந்தா ரெண்டு வருஷம், தானா போனா ஒண்ணு. அப்ப செகப்பு பாதிக்குக் கீழ இருந்தா நீ எடுக்கலாம். பாதிக்கு மேல இருந்தா தானா போறது லாபம்."

பென்சில் நகர்ந்தது. தொண்ணூற்றாறில் இரண்டு x போக மிச்சம், எண்பதில் x போக மிச்சத்தைவிடச் சின்னது. x-ஐ எல்லாம் ஒரு பக்கம் தள்ளினாள்.

"பதினாறு," என்றாள். "பதினாறுக்கு மேல ஆள் தானா போனா, நீ பேசாம வரிசைல நில்லு. கொறஞ்சா, கையத் தூக்கிட்டுப் போ. ஒரு வருஷத்துல வந்துடலாம்."

"கரெக்டா பதினாறா இருந்தா?"

"சரிபாதி. அப்ப கணக்கு வாய மூடிக்கும். நீதான் சொல்லணும்."

அவன் கஞ்சிக் கிண்ணத்தை இழுத்துக்கொண்டான். ஒரு வாரத்துக்குப் பிறகு முழுக்கிண்ணம் காலியானது அன்றுதான்.

தாளில் பத்தாவது கணக்கு மட்டும் காலியாக இருந்தது. 'உங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு நிகழ்தகவுக் கணக்கை அமைக்கவும்.' அவள் தாளை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மண்டபத்தில் எட்டு மணிக்கே அனல். வந்திருந்த பையன்கள் எல்லோரும் சட்டையில்லாமல், மார்பில் மையால் எழுதிய எண்ணோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பந்தலில் அம்மாக்கள், காதலிகள், பையில் ஐஸ் காப்பி விற்பவர்கள். ஊர்த்தலைவர்களுக்கு மேடையில் நாற்காலி. மற்ற தலைவர்கள் அரைக்கைச் சட்டையில் வந்திருக்க, தவின் மட்டும் வெள்ளைச் சீருடையைக் கழுத்துவரை பொத்தானிட்டு வந்து, படம் எடுக்க வசதியாக, சீட்டெடுப்பை நடத்த வந்த பட்டாள மேஜருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வியர்வை அவர் பதவியைப் பார்க்காமல் வழிந்துகொண்டிருந்தது.

உயரம், மார்பு அளவு எல்லாம் முடியவே பத்தரை ஆயிற்று. அந்த நேரத்தில் லம்துவான் பந்தலில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் பிடித்து, பத்தாவது கணக்கை எழுதி முடித்தாள்.

மேஜர் மைக்கை எடுத்தார். "தானாகச் சேர விரும்புகிறவர்கள் எழுந்து வரலாம்."

கைகள் எழுந்தன. ஒன்பது பேர் ஒரே மூச்சில் வந்தார்கள். கைதட்டல். பிறகு மூன்று பேர். பிறகு ஒருவனை அவன் காதலி பந்தலிலிருந்து கெட்ட வார்த்தையில் திட்ட, அவன் இன்னும் வேகமாக எழுந்து போனான். பதிமூன்று. லம்துவான் தாளின் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். பதினாலு. பதினைந்து. கண்ணாடி போட்ட ஒரு பையன் பாதி எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தான்.

பதினாறு.

அதோடு நின்றுவிட்டது.

"இன்னும் யாராவது?" என்றார் மேஜர்.

மேக் திரும்பிப் பந்தலைப் பார்த்தான். லம்துவான் அவனைப் பார்த்தாள். தலையசைக்கவும் இல்லை, கை காட்டவும் இல்லை. சரிபாதி என்றால் சரிபாதி. அவள் விரல்கள் மட்டும் பென்சிலை உடைத்துவிடுவது போலப் பிடித்திருந்தன.

இந்த இடத்தில்தான் தலைவர் தவினுக்கு நாட்டுப்பற்று பொங்கியது. ஆள் கூடக்கூடப் பானையில் சிவப்பு குறையும் என்கிற அளவுக்கு அவருக்கும் கணக்குத் தெரியும். மேஜரிடமிருந்து மைக்கை வாங்கினார்.

"அன்புக்குரிய இளஞ்சிங்கங்களே! தாய்நாடு அழைக்கும்போது பானைக்குப் பின்னால் ஒளிவதா? நம் முன்னோர்கள் சீட்டு எடுத்துவிட்டா போருக்குப் போனார்கள்? வீரத் தாய்மார்களே, உங்கள் மகன்களை எழுப்புங்கள்! தியாகம் என்பது..."

"மொதல்ல உம்ம பையன எழுப்பும்யா!" பந்தலிலிருந்து ஒரு குரல்.

மண்டபமே சிரித்தது. மேடையில் மற்ற தலைவர்கள் திடீரென்று ஆளுக்கொரு தாளை எடுத்துப் படிக்கத் தொடங்கினார்கள். தவின் மைக்கைத் தட்டிப் பார்த்து, கோளாறு அதில்தான் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு மேஜரிடம் திருப்பிக் கொடுத்தார்.

மேக்கின் காது சிவந்துபோனது. எழுந்துவிடுவான் போலிருந்தது. அப்போது வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஆற்றின் கீழ்க்கரையில் இருக்கும் படகுக்காரரின் இரட்டைப் பிள்ளைகள்.

"சார், டயர் பஞ்சர் சார்! எங்க பேர எழுதிட்டீங்களா? நாங்க ரெண்டு பேரும் தானா சேரத்தான் வந்தோம். ஆத்தா துணியெல்லாம் கட்டிக் குடுத்துடுச்சு!"

பட்டியலில் இருந்த பெயர்கள்தான். மேஜர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

பதினெட்டு. சிவப்பு முப்பது. எடுக்கப் போகிறவர்கள் அறுபத்திரண்டு பேர். லம்துவான் சுருக்கினாள்: முப்பத்தொன்றில் பதினைந்து. பாதிக்கு ஒரு மயிரிழை கீழே. மேக்கைப் பார்த்து உள்ளங்கையை மெல்லக் கீழே அமர்த்திக் காட்டினாள். அவன் உட்கார்ந்தான்.

எழுத்தர் வரிசையை வாசித்தார். முதல் பெயர், மலிவன் மகன் விட். கடைசிப் பெயர், தவின் மகன் மேக்.

விட்டின் அம்மா, தேங்காய் ஐஸ் விற்கும் மலிவன், தலையிலிருந்த துண்டை உதறிக்கொண்டு எழுந்தாள். சற்றுமுன் கேட்ட குரல் யாருடையது என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

"நில்லுங்க சார்! நோட்டீஸ்ல ஒட்டுனப்ப தலைவர் பையன்தான மொதல்ல இருந்தான்? என் பையன் ரெண்டாவது. இப்ப எம்புள்ள மொதல்ல, அவுரு புள்ள கடைசில! இது எந்த ஊரு நியாயம்?"

"அது... அகரவரிசை..." என்றார் எழுத்தர்.

"எந்த அகரம்? நண்டு தின்ன அகரமா?"

பந்தல் கொதித்தது. அம்மாக்கள் எழுந்து நின்றார்கள். தவின் மேடையில் நின்று, "அமைதி! இது நிர்வாக ரீதியான..." என்றார். நிர்வாகத்துக்கு மேல் வாக்கியம் போகவில்லை. மேஜர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் தவினைப் பார்த்தார். தவின் கூரையிலிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

லம்துவான் முக்காலியிலிருந்து எழுந்தாள். கையில் தாள்.

"சார், எம் பையன் மொதல்ல எடுக்கட்டும்."

"லம்துவான்!" தலைவரின் குரல் மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்டது. "உக்காரு! உனக்கு என்ன தெரியும்?"

"மொதல்ல நின்னாலும் கடைசில நின்னாலும் முப்பத்தொண்ணுல பதினஞ்சுதாங்க. இங்க இருக்கற அறுவத்திரெண்டு பேருக்கும் அதேதான். மலிவன், உன் பையனுக்கு எந்த எடம் வேணும்?"

மலிவன் சண்டைக்குத் தயாராக இழுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். "கடைசி," என்றாள்.

"கடைசிலயும் அதே பின்னந்தான், இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் என்னக் கேக்கக் கூடாது."

"அந்தப் பின்னத்த நீயே வெச்சுக்கக்கா. எனக்குக் கடைசி எடத்தக் குடு."

மேஜர் மேடையிலிருந்து எட்டிப் பார்த்தார். "அம்மா, கையில என்ன தாள்?"

"வீட்டுப்பாடம் சார். எட்டாவது கணக்கு."

"பையன் என்ன சொல்றான்?"

மேக் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தான். "அம்மா போட்ட கணக்க நானும் பாத்தேன் சார். மூணு தடவ போட்டாங்க."

இரண்டு மாதமாகச் சேர்த்துவைத்த கடைசி இடம் அரை நிமிடத்தில் கை மாறியது. தவின் நாற்காலியில் உட்காரும்போது சீருடையின் மேல் பொத்தான் தெறித்து மேஜரின் தேநீர்க் கோப்பைக்குள் விழுந்தது.

மேக் முன்னால் போனான். இரண்டு கையையும் உயர்த்தி, விரல்களை விரித்து, கையில் எதுவும் இல்லை என்று காட்டினான். பானை அவன் நெஞ்சு உயரம். கையை விட்டான். உள்ளே, சீட்டைச் சுருட்டி அடைத்த அறுபத்திரண்டு குழாய்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் மைக்கில் கேட்டது. லம்துவானுக்கு அந்த நேரத்தில் பின்னம் எதுவும் நினைவில் இல்லை. பிள்ளையின் முழங்கையில் சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு மட்டும் தெரிந்தது.

ஒரு குழாயை எடுத்து, பிரிக்காமல் அதிகாரியிடம் கொடுத்தான். அவர் சுருளை உருவி, விரித்து, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

"கறுப்பு!"

மேக் இரண்டடி குதித்தான். நேராகப் பந்தலுக்கு ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டான். மார்பில் எழுதிய எண்ணின் மை அவள் சட்டையில் ஒட்டியது.

"கணக்கு ஜெயிச்சிடுச்சும்மா!"

"கணக்கு ஒண்ணும் ஜெயிக்கலடா. செகப்பு வந்திருந்தாலும் கணக்கு சரிதான்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போ, போயி அந்தத் தாள வாங்கிட்டு வா மொதல்ல. ரயோங்காரன் அதத்தான் கேப்பான், என்னக் கேக்க மாட்டான்."

மேடையில் தலைவர் தவின் மறுபடி மைக்கைக் கைப்பற்றியிருந்தார். கழுத்துப் பொத்தான் இல்லாதது அவரைத் தடுக்கவில்லை.

"என் மகன் முதல் ஆளாக நிற்க வேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்தே என் முடிவு! தலைவரின் குடும்பம் முன்னால் நின்று வழிகாட்ட வேண்டும். இதை நான் எழுத்தரிடம் பலமுறை..."

எழுத்தர் எழுந்து கழிப்பறைப் பக்கம் போனார்.

பேச்சை முடித்துவிட்டு, நெற்றியைத் துடைத்தபடி தவின் பந்தலுக்கு இறங்கி வந்தார். வெற்றிபெற்றவரின் நடை. முக்காலியில் இருந்த தாளை எடுத்தார்.

"என்ன இது, வீட்டுப்பாடம் அது இதுன்னு எல்லார் முன்னாடியும்? எந்தப் பள்ளிக்கூடம்?"

"பெரியவங்க பள்ளிக்கூடம். ஒம்பதாங் கிளாஸு. ஞாயித்துக்கெழம."

"பாராயணம்னு சொன்ன?"

"அங்கயும் சத்தம் போட்டுத்தான் படிக்கறோம்."

அவர் சிரித்தார். மனம் நிறைந்து, பெருந்தன்மையோடு சிரித்தார். "நாப்பத்து மூணு வயசுல ஒம்பதாங் கிளாஸ வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?" என்று கேட்டுக்கொண்டே தாளைத் திருப்பினார். பத்தாவது கணக்கு கண்ணில் பட்டது. வாய்விட்டே படித்தார்.

"'ஓர் ஊரில் அறுநூறு வாக்காளர்கள் உள்ளனர். தற்போதைய தலைவருக்கு டிசம்பரில் அறுபது வயது நிறைவதால் ஓய்வு பெறுகிறார். பதவிக்கு இருவர் போட்டியிடுகின்றனர். ஒருவர் தலைவரின் தம்பி. மற்றவர், வரும் அக்டோபரில் ஒன்பதாம் வகுப்பு முடிப்பவர்...'"

குரல் அங்கே நின்றது.

"இந்த மத்தவரு... யாரு?"

லம்துவான் தாளை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி, மடிப்பு நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். "கணக்க அமைக்கத்தான் சொல்லியிருக்காங்க. விடை கேக்கலங்க."

அவர் ஏதோ சொல்ல வாய் திறந்தார். அதற்குள் மலிவன் இடையில் புகுந்துவிட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். இப்ப ஒரு கறுப்பு போயிடுச்சே, என் பையன் பின்னம் மாறிடுச்சா?"

"மாறிடுச்சு. அறுவத்தொண்ணுல முப்பது. கொஞ்சூண்டு ஏறியிருக்கு. உக்காரு, ஒவ்வொண்ணா சொல்றேன்."

"என் பையன் பதினேழாவதுக்கா," என்றாள் இன்னொருத்தி. "எனக்கு ரெண்டு பேரு, ஒரு அக்கா புள்ள," என்றாள் அவளுக்குப் பின்னால் நின்றவள். யாரோ லம்துவானுக்கு ஒரு பை ஐஸ் காப்பியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். யாரோ நல்ல நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். மேடையிலிருந்து "சிவப்பு!" என்று குரல் வந்தது. அவள் முன்னால் வரிசை கட்டி நின்ற அம்மாக்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அவள் பென்சிலைப் பார்த்தார்கள்.

தலைவர் தவினை யாரும் பார்க்கவில்லை. அவர் அந்த வரிசையின் முனையிலிருந்து வால்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு, உதடு அசைய, ஒவ்வொரு தலையாக எண்ணத் தொடங்கினார். முப்பத்து நாலு வரை வந்தபோது வரிசை இன்னும் நீண்டுவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.